நேத்து என்ன கொழம்பு?

பேசும்போது மனிதர்கள் முகத்தைப் பார்ப்பார்கள். கூச்சம் உள்ளவர்கள் தரையைப் பார்ப்பார்கள். அவள் இரண்டையும் பார்க்க மாட்டாள். எதிரில் நிற்பவரின் கழுத்துக்குழியில், மூச்சு ஏறி இறங்குவது தெரிகிற இடத்தில், அவள் கண் போய் உட்கார்ந்துகொள்ளும். முதல் நாள் என்னை அப்படிப் பார்த்தபோது, என் சங்கிலி எத்தனை பவுன் என்று எடை போடுகிறாளோ என்று நினைத்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன்.

நாரணாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் நானும் என் நாத்தனார் முத்துமாரியும் திரி வைக்கிற வேலை பார்த்தோம். கம்பெனி பஸ் ஆனைக்குட்டம் பக்கத்து ஊர்களில் எங்களை அள்ளிக்கொண்டு போய்க் காலையில் கேட்டில் கொட்டிவிடும். அவள் அங்கே பாதுகாப்பு மேற்பார்வைக்கென்று புதிதாக வந்தவள். என்னைவிட வயதில் சின்னவள், பதவியில் பெரியவள். நெட்டையான ஒல்லி உடம்பு. காட்டன் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டிருப்பாள். எங்கள் எல்லோருக்கும் அதே உடுப்புதான். எனக்கு அது தலையணை உறை போல இருக்கும், அவளுக்கு மட்டும் போலீஸ் யூனிபார்ம் மாதிரி நின்றது. நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அதுவே போதும்.

"யக்கா, பஸ்ஸுல இருந்து எறங்கி இம்புட்டு தூரந்தான நடந்தீக. அதுக்குள்ள என்ன மூச்சு?" என்றாள் அந்த முதல் நாளில்.

"ஒடம்புவாகு அப்படி, மேடம்."

"ஒடம்பு எப்படியும் இருந்துட்டுப் போகுது. என்கூடப் பேசிக்கிட்டே நடங்க. நேத்து என்ன கொழம்பு வச்சீக?"

கருவாட்டுக் குழம்பு என்றேன். எப்படி வைப்பீர்கள் என்று கேட்டாள். பேசுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கருவாட்டை வெந்நீரில் அலசுவதில் ஆரம்பித்தேன். அவள் நடையைக் கூட்டினாள், நானும் கூட்டினேன். புளியைக் கரைத்து ஊற்றுகிற இடம் வந்தபோது எனக்கு வார்த்தை வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது.

"நில்லுங்க," என்றாள். "இதான் உங்க எல்லை. இதுவரைக்கும் நீங்க இழுத்த காத்து ஒடம்புக்குப் போதும்னு இருந்துச்சு. இனிமே போதாது. பேச்சு நின்னா காத்துப் பத்தலைன்னு அர்த்தம்."

இவளுக்கு ஏதோ கோளாறு என்று முத்துமாரியிடம் சொன்னேன். எங்கள் கம்பெனியில் அவளைப் பற்றி அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். யாரைக் கண்டாலும் நேற்று என்ன குழம்பு என்று கேட்கிறாள், சாப்பாட்டுப் பைத்தியம் போல, பார்த்தால் தெரியவில்லை, எங்கே போகிறதோ தின்பதெல்லாம் என்று பேசிக்கொண்டார்கள்.

அவள் விருதுநகர்க்காரி. ஒரு காலத்தில் மாவட்ட அளவில் ஓடியவள் என்று அவளே சொல்வாள், அடிக்கடி சொல்வாள், அடக்கம் என்பது அவள் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. உடற்பயிற்சி ஆசிரியைக்குப் படித்தும் பள்ளிக்கூட வேலை கிடைக்கவில்லை. கிடைத்த வேலைக்கு வந்துவிட்டாள், படித்த படிப்பை விட்டுவிட்டு வரவில்லை. ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு ரூம் எடுத்துத் தனியாக இருந்தாள். "உங்க வீட்டுல என்ன கொழம்பு, மேடம்?" என்று நாங்கள் திருப்பிக் கேட்டால் பதில் மாறவே மாறாது.

"எனக்கென்ன, கேப்பைக் கூழு. முளைகட்டின பாசிப்பயறு. ஊரே எண்ணெய் பரோட்டாவுக்கு அலையுது. அதைத் தின்னுட்டு ஓடுனா காலா ஓடும், வயிறுதான் ஓடும்."

உடம்பே சாட்சியாக முன்னால் நிற்கும்போது நம்பாமல் என்ன செய்வது. நம்பினோம்.

பட்டாசு கம்பெனிக்குள் ஓடக் கூடாது. செருப்புப் போடக் கூடாது, எதையும் இழுத்துத் தேய்க்கக் கூடாது, உடம்பில் தேங்கிய மின்சாரம் இறங்க வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொடாமல் ரூமுக்குள் போகக் கூடாது. எல்லாவற்றையும் மெதுவாகச் செய்வதற்குத்தான் எங்களுக்குப் பழக்கம். அப்படிப்பட்ட இடத்துக்கு வந்து, காலையில் கேட்டுக்கு வெளியே இருந்த பொட்டலில் எங்களை நிறுத்தி, ஓடுங்கள் என்றாள்.

நோக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எங்கள் ரூம்களுக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு மண் மேடு உண்டு. இந்தப் பக்கம் வெடித்தால் அந்தப் பக்கம் தாக்காமலிருக்க எழுப்பியது. அதைச் சுற்றி வெளியே வந்தால் ஒரு நீளமான வெறுங்காடு, நடுவில் ஒரே ஒரு வேப்பமரம், அதற்கப்புறம் கேட். என்றைக்காவது தீப்பிடித்தால் ரூமிலிருந்து கேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். வேறு கதி கிடையாது. இந்த ஊர்ப் பக்கம் அந்த என்றைக்காவது எல்லா வீட்டுக்குள்ளும் ஒரு ஓரமாக உட்கார்ந்திருக்கும், யாரும் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம்.

பொட்டலில் அதே தூரத்துக்கு ஒரு கல்லும் மேட்டுக்கு அடையாளமாக இடையில் ஒரு கல்லும் வைத்தாள். முதல் நாள் எல்லோரும் உயிரைக் கொடுத்து ஓடினோம். முத்துமாரிக்குத் தான் ஒல்லி என்று ஒரு கர்வம், எல்லோரையும் முந்திக்கொண்டு பறந்தாள். மரம் இருக்க வேண்டிய இடத்துக்குப் போனதும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொருவராக அவளைச் சுற்றி உட்கார்ந்தோம். கெண்டைக்கால் எரிந்தது. எழுந்திருக்கலாம் என்று மனசு சொன்னாலும் கால் கேட்கவில்லை.

மத்தியானம் சோற்றுச் சட்டியைத் திறந்ததும் முத்துமாரி அவளிடம் பாய்ந்தாள். "வேகமா ஓடுனாத்தான மேடம் பொழைக்க முடியும். வேகமாத்தான ஓடுனேன். ஏன் பாதியில கால் செத்துப்போச்சு?"

மேடத்துக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"மூடிக் கட்டுன குழாய்க்குள்ள வெடி எப்படி எரியுது? சொல்லுங்க பாப்போம்."

"மருந்து இருக்குல்ல."

"மருந்துல வெடியுப்பு இருக்கு. எரியுறதுக்கு வேணுங்கிறதை அதுவே வச்சிருக்கு, வெளிக்காத்தை எதிர்பாக்க வேண்டாம். பட்டுனு முடிஞ்சுபோகுது. வெறகடுப்பு அப்படியா? ஊதணும், காத்து வரணும். ஆனா பொழுதனைக்கும் நின்னு எரியும். நம்ம ஒடம்புலயும் இப்படி ரெண்டு வழி இருக்கு. கண்ணுக்குத் தெரியாத செல்லு கோடி கோடியா இருக்குல்ல, ஒவ்வொண்ணும் சர்க்கரையை ஒடச்சுத்தான் பலம் எடுக்குது. திடுதிப்புனு எந்திரிச்சு ஓடுனா, நீங்க இழுக்குற காத்து ரத்தத்துல ஏறிக் கால் சதைக்குப் போய்ச் சேர நேரமாகும். அதுவரைக்கும் சதை காத்திருக்குமா? காத்து இல்லாமலே சர்க்கரையை அரைகுறையா ஒடைக்கும். சட்டுனு பலம் கெடைக்கும். ஆனா கொஞ்சந்தான். கூடவே ஒரு புளிப்பு மிஞ்சும். பாலு தயிரானா வருதே, அதே புளிப்பு."

"அப்ப எங்காலு முழுக்கத் தயிரா கெடக்கு?" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து கொஞ்ச நாளைக்கு என்னைத் தயிர்க்காரி என்றார்கள்.

"சிரிங்க. காத்து வந்து சேந்துச்சுன்னா கதையே வேற. செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு குட்டிக் குட்டி அடுப்பு இருக்கு. அதுல போட்டுச் சர்க்கரையை மிச்சமில்லாம எரிச்சிரும். காத்து இல்லாம ரெண்டு பங்கு பலம் வந்த எடத்துல முப்பது பங்கு வரும். மிஞ்சுறது தண்ணியும், மூச்சுல வெளிய போற கரியமில வாயுவுந்தான். என்ன, அது நிதானமாத்தான் வரும். காத்து வந்து சேருற வேகத்துக்குத்தான் வரும். அதுக்கு மேல நீங்க வெரட்டுனா மறுபடியும் புளிப்புதான்."

கொஞ்சம் சோறு அள்ளி வாயில் போட்டவள் மென்றுகொண்டே நிறுத்தினாள். "வெடியச் சொன்னேன்ல, அது முழுசா ஒத்து வராது. வெடிக்கு உப்பு கைகுடுக்குது. நம்ம சதைக்கு அந்த நேரம் அந்த உப்பும் கெடையாது, ஒண்ணும் இல்லாமத்தான் ஒப்பேத்துது. ஞாபகம் இருக்கட்டும்னு சொன்னேன்." தப்பான ஒப்புமையை இரண்டு கவளத்துக்கு மேல் அவளால் பொறுத்துக்கொள்ள முடியாது.

பத்தாம் வகுப்பில் காற்றுள்ள சுவாசித்தல், காற்றில்லா சுவாசித்தல் என்று நடுவே கோடு போட்டு வேறுபாடு எழுதியவள்தான் நானும். ஒரு பக்கம் முழுமையான ஆக்சிகரணம், மறு பக்கம் முழுமையற்ற ஆக்சிகரணம். முழு மார்க்கு வாங்கினேன். அந்தக் கோடு என் கெண்டைக்காலுக்குள் போகிறது என்று யாரும் சொல்லவில்லை.

அவள் எங்களுக்குப் போட்ட சட்டம் இதுதான். ரூமிலிருந்து மேடு வரைக்கும் வாயைத் திறக்காமல், என்ன வேகம் முடியுமோ அந்த வேகம். அங்கே புகை இருக்கும், மூச்சு இழுக்கக் கூடாது, இழுக்கவும் தேவையில்லை, அந்தக் கொஞ்ச தூரத்துக்குச் சதை தன் கையில் இருப்பதை வைத்துச் சமாளித்துக்கொள்ளும். மேட்டைத் தாண்டியதும் வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். அங்கிருந்து கேட் வரைக்கும் பேசிக்கொண்டே ஓட வேண்டும். பேச்சு வந்தால் காற்று போதுகிறது. பேச்சு நின்றால் இன்னும் மெதுவாக. பயந்தவளுக்கு என்ன பேசுவது என்று தோன்றாது, அதனால் பேச வேண்டியதையும் மேடமே முடிவு பண்ணிவிட்டாள். நேற்று வைத்த குழம்பை எந்தப் பொம்பளையும் மறக்க மாட்டாள் என்பது அவள் கணக்கு.

உள்ளே இருந்த வேப்பமரத்தடியில் யாரையும் உட்கார விட மாட்டாள். அவ்வளவு பெரிய காட்டில் நிழல் என்று இருந்தது அது ஒன்றுதான். நாங்கள் கால் நீட்டினால் வந்து விரட்டுவாள். வெயிலில் நிற்கவைக்கிறாளே என்று எனக்கு வயிறு எரியும். ஒரு நாள் முத்துமாரி எழ மாட்டேன் என்று அடம்பிடித்தாள். அன்றைக்குத்தான் மேடம் காரணத்தைச் சொன்னாள்.

"எங்க மதினி ஒரு கம்பெனியில இருந்தா. தீப்பிடிச்சதும் மொத ஆளா வெளிய வந்தது அவதான். எல்லாரையும் விட வேகமா ஓடியிருக்கா. நடுவுல இதே மாதிரி ஒரு மரம். அதுக்கு மேல கால் எந்திரிக்கல. மரத்தப் புடிச்சிக்கிட்டு நின்னா. வெடிச்சுச் செதறுன கல்லு மேல வந்து விழுந்துருச்சு."

அவள் கண் அன்றைக்கு யாருடைய கழுத்துக்குழியிலும் இல்லை.

"ஓடாம நின்னு செத்திருந்தா அழுதுட்டு விட்டிருப்பேன். வேகமா ஓடிச் செத்தா. அதைத்தான் என்னால பொறுக்க முடியல."

முத்துமாரி எழுந்துவிட்டாள். அதற்கப்புறம் நான் மேடத்தைக் கோளாறு என்று சொன்னதில்லை.

சீசன் வந்தது. தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் குவிந்தது. மேனேஜருக்குக் காலையில் நாங்கள் பொட்டலில் ஓடுவது கண்ணை உறுத்தியது. "லோடு நிக்குது. நீங்க இங்க ஓட்டப் பந்தயமா நடத்துறீக? சீசன் முடியட்டும்மா, அப்புறம் விடிய விடிய ஓடுங்க," என்று எங்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார். அவள் மறுத்துப் பேசவில்லை. சரி சார் என்றாள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்றால் நம்புவீர்களா, எனக்கு.

மறுநாள் காலையில் கம்பெனி பஸ் கேட்டுக்கு வரவில்லை. அதற்கு முன்னால் உள்ள வளைவிலேயே நின்றுவிட்டது. டிரைவர் திரும்பிப் பார்க்காமலே, "வண்டி மக்கர் பண்ணுது. எறங்கி நடந்துருங்க," என்றார். வளைவில் அவள் நின்றிருந்தாள். "வாங்க, வாங்க. நேத்து என்ன கொழம்பு?"

அதற்கடுத்த நாளும் அதே இடத்தில் மக்கர். சீசன் முடியும்வரை அந்த வண்டிக்கு அந்த வளைவைக் கண்டால் ஆகவில்லை. எங்களை இறக்கிவிட்டதும் சமத்தாகக் கிளம்பிக் கேட்டுக்குள் போய் நிற்கும். மேனேஜருக்கு அது தெரியாமலா இருக்கும்? வேலைக்கு நேரத்துக்கு வந்துவிடுகிறோம், அவர் கேட்க ஒன்றுமில்லை. எனக்கும் ஒன்று புரிய ஆரம்பித்தது. முன்பெல்லாம் புளி கரைக்கும்போது நின்றுபோகும் பேச்சு, இப்போது கொத்தமல்லித் தழை தூவி இறக்குகிற வரைக்கும் போனது.

இப்போது நான் சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில் இருக்கிறேன். பைண்டிங் மேல்மாடியில். படியேறும்போது வாய்க்குள்ளேயே குழம்பு வைத்துக்கொண்டு போவேன். கூட வருகிறவர்கள் மந்திரம் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

பட்டாசு கம்பெனியில் தீப்பிடித்தது வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம். மருந்து உருண்டைகளைக் காயப்போடுகிற மேடையில்தான் பிடித்தது. மேடையில் அந்த நேரம் ஆள் இல்லை, எல்லோரும் சாப்பிட்டுவிட்டு ரூமுக்குத் திரும்பியிருந்தோம். சத்தம் காதில் கேட்பதற்கு முன் தரையில் தெரிந்தது. அடுத்து மஞ்சளாகப் புகை.

நான் எழுந்ததோ வாசலைத் தாண்டியதோ ஞாபகமில்லை. வாய் மூடியிருந்தது ஞாபகம் இருக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு, மண் மேட்டை மட்டும் பார்த்துக்கொண்டு, இந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எங்களுக்கு எதிர்த்திசையில், ரூம்களை நோக்கி அவள் போவதைப் பார்த்தேன். ஒவ்வொரு வாசலிலும் தலையை நீட்டி உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போனாள்.

மேட்டைச் சுற்றியதும் கால் இன்னும் பறக்கத்தான் பார்த்தது. பயத்தில் வாய் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் முத்துமாரி குரல் கேட்டது. "மதினி, மெதுவா. நேத்து என்ன கொழம்பு?"

"சுண்டவத்தக் கொழம்பு," என்றேன். அவளும் நானும் ஒரே வீடு, ஒரே சட்டியில்தான் தின்றோம். ஆனாலும் அவள் கேட்டாள், நான் சொன்னேன். வத்தலை நல்லெண்ணெயில் வதக்கினேன், பூண்டு போட்டேன் என்று சொல்லச் சொல்ல மூச்சு வந்து சேர்ந்தது. என்னைச் சுற்றிப் பொம்பளைகள் எல்லாம் வாய்விட்டுக் குழம்பு சொல்லிக்கொண்டு வந்தார்கள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

வேப்பமரத்தடியில் ஒரே ஒருவர் நின்றார், மேனேஜர். மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். முத்துமாரி போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சார், நேத்து உங்க வீட்டுல என்ன கொழம்பு?"

அவர் முழித்தார். "சாம்பாரு," என்றார்.

"என்ன காய் போட்டாக? சொல்லிக்கிட்டே வாங்க."

"முருங்கைக்கா," என்றார். நகர்ந்தார். கேட் வரைக்கும் அவர் அந்த ஒரே முருங்கைக்காயைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார்.

கேட்டில் ரூம் ரூமாகத் தலையை எண்ணினோம். எல்லோரும் இருந்தோம். ஒருத்திக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. அவளைத்தான் காணவில்லை.

இரண்டாவது வெடி கேட்டது, எங்கள் ரூம் வரிசைப் பக்கம். மேட்டுக்கு மேலே புகை எழும்பி நின்றது. சாமி பேரெல்லாம் சொன்னேன். அவள் மதினியைப் பற்றிச் சொன்ன அந்த மத்தியானம் கண்முன்னால் வந்தது. ஒரே குடும்பத்துக்கு இரண்டாவது தடவை இப்படி வரக் கூடாது என்று வாய்விட்டே சொல்லி அழுதேன். திரும்பிப் போக இரண்டடி வைத்தேன். முத்துமாரி என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

புகைக்குள்ளிருந்து ஒரு நெட்டை உருவம் வெளியே வந்தது. ஓடி வரவில்லை. காலையில் வளைவிலிருந்து எங்களைக் கூட்டி வருவாளே, அந்த நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் உள்ள வேகத்தில் வந்தது. மரத்தை எட்டியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மரத்தடியில் நிற்கவில்லை. தாண்டி வந்தது. வாய் அசைவது தெரிந்தது, அப்புறம் குரல் கேட்டது. தனியாகத்தான் பேசிக்கொண்டு வந்தாள்.

"நேத்து... எண்ணெய் பரோட்டா... ரெண்டு... சால்னா... ஊத்தி... நல்ல காரம்... ஆம்லெட்டு ஒண்ணு..."

எங்களில் யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. அழுதுகொண்டிருந்த வாயாலேயே சிரித்தோம். மேனேஜர்கூடச் சிரித்தார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன், கால் எரிந்து அல்ல.

கேட்டைத் தாண்டி வந்து முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்றாள். சட்டை முதுகெல்லாம் கரி. அவள் எப்போதும் எங்களிடம் பார்க்கிற இடத்தை நான் அன்றைக்கு அவளிடம் பார்த்தேன். கழுத்துக்குழி ஏறியது, இறங்கியது. மறுபடியும் ஏறியது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

"கேப்பைக் கூழுன்னுல்ல சொன்னீக, மேடம்," என்றாள் முத்துமாரி.

கையைத் தூக்கி, பொறு என்று சைகை காட்டினாள். பேச்சு வருகிற அளவுக்குக் காற்று சேரட்டும் என்று நாங்களும் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்தாள்.

"ரெண்டு இல்ல," என்றாள். "நாலு."